சிறுநீரக நோயாளியின் உணவும் தூக்கமும்: மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

டயாலிசிஸ் தொடங்கிய முதல் ஆண்டில் என் அண்ணன் நள்ளிரவு இரண்டு மணிக்கு வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பார். கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருக்கிறது என்பார். படுத்தால் ஊரும், எழுந்து நடந்தால் அடங்கிவிடும். குளிர்ந்த தரையில் உள்ளங்காலை வைத்துச் சிறிது நேரம் நின்றால் ஆறுதலாக இருக்கிறது என்று சொல்லி, சுவரைப் பிடித்தபடி நிற்பார். நோயைப் பற்றிய கவலையால்தான் தூக்கம் வரவில்லை என்று நாங்கள் பல மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தொல்லைக்கு ஒரு பெயர் உண்டு, அறியப்பட்ட காரணங்கள் உண்டு, பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு என்பது தெரியவந்தபோது ஏறக்குறைய ஓராண்டு போயிருந்தது. மருத்துவரிடம் சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் பற்றிக் கேட்டோம், பொட்டாசியம் பற்றிக் கேட்டோம்; இரவு எப்படிக் கழிகிறது என்பதை மட்டும் நாங்கள் சொல்லவே இல்லை.

சிறுநீரக நோய்க்குப் புதியவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இந்த நோயில் தட்டில் இருப்பதும் படுக்கையில் நடப்பதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைச் சரிசெய்ய முடியாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட பிறகு விதிகள் பல தலைகீழாக மாறுகின்றன என்பதையும், நேற்றுவரை காத்த கட்டுப்பாடே இன்று தீங்காகலாம் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. கீழே வரும் அளவுகள் பொதுவானவை. உங்களுக்கு உரிய அளவை உங்கள் சிறுநீரக மருத்துவரும் உணவியல் நிபுணரும்தான் முடிவுசெய்ய வேண்டும். அவர்களிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கு இந்தக் கட்டுரை உதவினால் போதும்.

முதல் படி: ஒரு குறிப்பேடு வாங்குங்கள்

உணவுக் கட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்டவுடனே பலர் செய்யும் தவறு, வேறொரு நோயாளியின் பட்டியலை அப்படியே பின்பற்றுவதாகும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கொண்டு நோய் ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. அந்தத் திறன் நிமிடத்துக்கு 15 மில்லிலிட்டருக்கும் கீழே போனால் அது ஐந்தாம் நிலை. மூன்றாம் நிலையில் இருப்பவருக்குச் சொன்ன புரத அளவு டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் பொருந்தாது. சிறுநீர் நன்றாகப் பிரிகிறவருக்குச் சொன்ன தண்ணீர் அளவு, சிறுநீரே வராதவருக்கு ஆபத்தாகும். ஆகவே நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள், ஒரு நாளில் எவ்வளவு சிறுநீர் வெளியேறுகிறது, கடைசிப் பரிசோதனையில் பொட்டாசியம், பாஸ்பரஸ், பைகார்பனேட், ஆல்புமின், ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எவ்வளவு இருந்தன என்பவற்றைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த பக்கத்திலிருந்து நாள்தோறும் சில வரிகள் போதும். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, உண்பதற்கு முன் எடுத்த எடை, குடித்த நீர், இரவு உணவில் என்ன இருந்தது, எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை முறை எழுந்தார், எதற்காக எழுந்தார். எதற்காக எழுந்தார் என்பதுதான் மிக முக்கியமான குறிப்பு. தாகத்தால் எழுந்ததற்கும், மூச்சு முட்டி எழுந்ததற்கும், கால் குடைச்சலால் எழுந்ததற்கும் மருந்து ஒன்றல்ல. இரண்டு வாரம் எழுதிப் பார்த்தாலே, உப்பு கூடிய மாலைகளையும் கெட்டுப்போன இரவுகளையும் உங்கள் கண்ணே இணைத்துப் பார்க்கத் தொடங்கிவிடும்.

இரண்டாம் படி: நீரைக் குறைப்பதற்கு முன் உப்பைக் குறையுங்கள்

டயாலிசிஸ் நோயாளியிடம் எல்லோரும் சொல்வது, தண்ணீரைக் குறை என்பது. உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைக்கச் சொல்வது ஒருவரை வதைப்பதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் தாகத்தைக் கிளப்புவதே உப்புதான். மருத்துவமனையில் ஏற்றும் சலைன் திரவத்தை நினைத்துப் பாருங்கள்: ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு இருக்கிறது, அதுவே நம் ரத்தத்தின் செறிவுக்கு நிகரானது. அப்படியென்றால் வெளியேற வழியில்லாத 9 கிராம் உப்பு உடலில் தங்கினால், அதைச் சமன்செய்ய ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரை உடல் கேட்டு வாங்கிக்கொள்ளும். மனவுறுதியால் அந்தத் தாகத்தை வெல்ல எவராலும் முடியாது.

ஒரு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள், என்பதே பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. இதில் சமைக்கும்போது போடும் உப்பு மட்டுமின்றி, ரொட்டி, பாலாடைக்கட்டி, பொட்டலத் தின்பண்டம், உடனடி நூடுல்ஸ், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பும் அடங்கும். எலுமிச்சைச் சாறு, மிளகு, பூண்டு, புதினா ஆகியவை உப்பில்லாத உணவுக்குச் சுவை கூட்டும். நாக்கு பழகுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படும் மாற்று உப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை பொட்டாசியம் குளோரைடு கலந்தவை. பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாத உடலில் அது இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

டயாலிசிஸில் இருப்பவருக்கு நீரின் அளவை, முந்தைய நாள் வெளியேறிய சிறுநீரின் அளவோடு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் சேர்த்துக் கணக்கிடுவது பொதுவான வழக்கம். கஞ்சி, சூப், பால், பனிக்கட்டி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இரண்டு டயாலிசிஸுக்கு இடையே கூடும் எடை, ட்ரை வெயிட்டில், அதாவது மிகைநீர் இல்லாதபோது இருக்கும் எடையில், 4 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 2.4 கிலோ. காலையில் ஒரு குப்பியில் அன்றைய நீரை அளந்து ஊற்றி வைத்துக்கொண்டு, வெளியே எதைக் குடித்தாலும் அதே அளவு நீரைக் குப்பியிலிருந்து கொட்டிவிடும் முறையை அண்ணன் கடைப்பிடித்தார். குப்பியில் மாலை ஆறு மணிக்கு எவ்வளவு மிச்சம் என்பதைப் பார்த்தே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று எங்களால் சொல்லிவிட முடிந்தது.

மூன்றாம் படி: புரதத்தில் முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றும் விதி

டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில், மூன்றாம் நிலை முதல் ஐந்தாம் நிலை வரை உள்ள பெரியவர்களுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்ற அளவு பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. சிலருக்கு மருத்துவக் கண்காணிப்பில் இதைவிடக் குறைவாகவும் கொடுப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் அது 1.0 முதல் 1.2 கிராம் வரை உயர்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் முதலில் 48 கிராமில் நிற்க வேண்டும்; பிறகு 60 முதல் 72 கிராம் வரை உண்ண வேண்டும். காரணம் எளியது. ரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஒவ்வொரு முறையும் புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்களும் நீரோடு போய்விடுகின்றன. வயிற்றுவழி டயாலிசிஸில் புரதமே நாள்தோறும் கசிகிறது.

இந்த மாற்றத்தைப் பல வீடுகள் தவறவிடுகின்றன. 'புரதம் கூடாது' என்று முன்பு கேட்டது மனதில் பதிந்துபோய், டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் முட்டையையும் பருப்பையும் மீனையும் ஒதுக்கி வைக்கிறார்கள். தசை கரைகிறது, நீர் கோத்திருப்பதால் எடை குறைவது தெரிவதில்லை. கன்னம் ஒட்டி, தோள்பட்டை எலும்பு தெரிந்து, கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தால் அதைச் சத்துக்குறைவின் அடையாளமாகக் கொண்டு உடனே பேசுங்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது என்ற ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவற்றை ஒப்பிட்டுப் பழகலாம். புரதத்தோடு மொத்த ஆற்றலும் போதுமான அளவில் இருக்க வேண்டும். கிலோவுக்கு 25 முதல் 35 கிலோகலோரி வரை கிடைக்காவிட்டால், உண்ட புரதத்தையே உடல் எரிபொருளாக்கிவிடும்.

வாயில் உலோகச் சுவை, குமட்டல், இறைச்சியின் வாடையே பிடிக்காமல் போவது ஆகியவை ரத்தத்தில் கழிவுகள் சேர்வதால் வருபவை. அப்போது சூடான உணவைவிட ஆறிய உணவு வாடை குறைந்திருப்பதால் எளிதாக உள்ளே போகும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பதும் உதவும். உண்ணாமல் இருப்பவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பசியை நோய் பறித்திருக்கிறது.

நான்காம் படி: பொட்டாசியமும் பாஸ்பரஸும்

பொட்டாசியம் எல்லாச் சிறுநீரக நோயாளிகளுக்கும் விலக்கப்பட்டதல்ல. ரத்தத்தில் அளவு கூடியிருப்பவர்களே கட்டுப்படுத்த வேண்டும். மற்றவர்கள் காரணமில்லாமல் பழங்களையும் காய்களையும் இழக்க வேண்டியதில்லை. கட்டுப்பாடு தேவைப்பட்டால், உருளைக்கிழங்கு போன்றவற்றைத் தோல் சீவிச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். பொட்டாசியத்தில் கணிசமான பங்கு நீரோடு போய்விடும். வாழைப்பழம், ஆரஞ்சுச் சாறு, இளநீர், தக்காளிக் கூழ், உலர்பழங்கள் ஆகியவற்றில் அது மிகுதி. மலச்சிக்கலும் பொட்டாசியத்தை உயர்த்தும் என்பதைப் பலர் அறிவதில்லை.

நட்சத்திரப் பழத்தைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர் அதை உண்டால், அதிலுள்ள நஞ்சு வெளியேறாமல் நரம்பு மண்டலத்தைத் தாக்கி, விடாத விக்கலில் தொடங்கிக் குழப்பம், வலிப்பு, மரணம் வரை கொண்டுபோகலாம். கொஞ்சம் சாப்பிட்டால் என்ன என்ற பேச்சுக்கே இடமில்லை.

பாஸ்பரஸில் முக்கியமானது அது எங்கிருந்து வருகிறது என்பது. பருப்பு, தானியங்களில் உள்ள பாஸ்பரஸை நம் குடல் பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சுகிறது. பொட்டல உணவிலும் கோலா பானங்களிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகள் ஏறக்குறைய முழுவதுமாக ரத்தத்தில் சேர்ந்துவிடுகின்றன. உறையில் 'பாஸ்பேட்' என்ற சொல்லோ, 338 முதல் 341 வரையும் 450 முதல் 452 வரையும் உள்ள சேர்க்கை எண்களோ இருந்தால் அதைத் திரும்ப வைத்துவிடுங்கள். பாஸ்பேட்டைக் கட்டும் மாத்திரையை உணவோடு சேர்த்தே விழுங்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் பயனில்லை. கட்டுப்படாத பாஸ்பரஸ் எலும்பையும் ரத்தக்குழாயையும் கெடுப்பதோடு, தோல் அரிப்பையும் கூட்டக்கூடும். இரவில் போர்வைக்குள் உடல் சூடாகும்போது அந்த அரிப்புதான் பலரைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ஐந்தாம் படி: தூக்கத்தைக் கெடுப்பது எது என்று கண்டுபிடியுங்கள்

தூக்கம் வரவில்லை என்று சொன்னால் தூக்க மாத்திரைதான் கிடைக்கும். ஏன் வரவில்லை என்று சொன்னால்தான் சிகிச்சை கிடைக்கும்.

என் அண்ணனுக்கு இருந்தது அமைதியற்ற கால் நோய். ஓய்வில் இருக்கும்போது, குறிப்பாக மாலையிலும் இரவிலும், கால்களை அசைத்தே ஆகவேண்டும் என்ற தாங்கமுடியாத உந்துதல் வரும், அசைத்தால் தணியும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது, இரும்புச் சத்துக் குறைவு இதைத் தூண்டும். எனவே ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். குமட்டலுக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, அரிப்புக்கும் தூக்கத்துக்கும் கடையில் கிடைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவை இதை மோசமாக்கும். அரிப்புக்கு என்று வாங்கிய மாத்திரையே கால் குடைச்சலைக் கூட்டி, தூங்குவதற்காகப் போட்டதே தூக்கத்தைக் கெடுப்பது இப்படித்தான். இதற்குத் தரப்படும் காபாபென்டின் போன்ற மருந்துகள் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுபவை. பிறருக்குச் சாதாரணமான அளவு இவர்களுக்கு மயக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும். பக்கத்து வீட்டாரின் மாத்திரையை ஒருபோதும் வாங்கிப் போடாதீர்கள்.

இரண்டாவது, உறக்க மூச்சுத்தடை. உரத்த குறட்டை, திடீரென்று மூச்சு நின்று, பிறகு திணறி எழுவது, காலையில் தலைவலி, பகலில் தூங்கி வழிவது ஆகியவை இதன் அடையாளங்கள். பருமனானவர்களுக்குத்தான் வரும் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. பகலெல்லாம் கால்களில் தங்கிய நீர், படுத்ததும் மேலேறிக் கழுத்துப் பகுதியில் சேர்ந்து மூச்சுப் பாதையை நெருக்குகிறது. கனடாவின் டொரான்டோவில் 14 நோயாளிகளை வைத்து நடத்தி 2001-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், வாரம் மும்முறை செய்த வழக்கமான டயாலிசிஸிலிருந்து இரவு முழுதும் மெதுவாகச் செய்யும் டயாலிசிஸுக்கு மாறியபோது, மணிக்குச் சராசரியாக 25 முறை நிகழ்ந்த மூச்சுத்தடை 8 ஆகக் குறைந்தது. எல்லோருக்கும் அந்த வசதி கிடைக்காது. ஆனால் மிகைநீரும் கழிவும் தூக்கத்தை எப்படிக் கெடுக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சாக்ஸ் கழற்றிய பிறகு கணுக்காலில் ஆழமான தடம் இருக்கிறதா என்று மாலையில் பாருங்கள். இருந்தால், அன்றிரவு தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பது நல்லது. படுத்தாலே மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால்தான் முடிகிறது என்றால் அது நுரையீரலில் நீர் சேர்ந்ததாக இருக்கலாம். காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்றாவது, நீரிழிவு உள்ளவர்களுக்கு இரவில் சர்க்கரை இறங்குவது. இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது பழுதாகும்போது, போட்ட இன்சுலின் நெடுநேரம் வேலை செய்கிறது. நள்ளிரவில் வியர்த்து, கெட்ட கனவு கண்டு, நடுக்கத்தோடு எழுந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். இறங்கியிருந்தால் குளுக்கோஸ் கொடுங்கள். ஆரஞ்சுச் சாற்றில் பொட்டாசியம் இருப்பதால் அது இவர்களுக்கு ஏற்றதல்ல.

பகல் தூக்கத்தைப் பற்றி ஒன்று. டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் தூங்கிவிட்டால் இரவு விழித்தே கழியும். இரவில் தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் சுரப்பு இந்நோயாளிகளில் ஏற்கெனவே மங்கியிருக்கிறது. எனவே பகல் தூக்கத்தை மதியத்தோடும் அரை மணி நேரத்தோடும் நிறுத்துங்கள். காலை வெயிலில் சற்று நடங்கள். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை இருந்தால் அதை மாலைக்குப் பதிலாகக் காலையில் எடுக்கலாமா என்று கேளுங்கள். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம், உள்ள கையைத் தலைக்குக் கீழே வைத்தோ, அந்தப் பக்கம் ஒருக்களித்தோ படுக்கக் கூடாது. அழுத்தம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி உறையச் செய்துவிடும்.

ஆறாம் படி: காத்திருக்கும் காலத்தில்

மாற்று அறுவைக்குக் காத்திருக்கும் மாதங்களில் தசையைக் காப்பதே பெரிய வேலை. புரதமும் நடையும் அதற்குப் போதும். மிகைப்பருமன் இருந்தால் காயம் ஆறுவது தாமதமாகும் என்பதால் எடையைக் குறைக்கச் சொல்வார்கள். அதைப் பட்டினியால் செய்யாதீர்கள், உணவியல் நிபுணரின் துணையோடு செய்யுங்கள். உறக்க மூச்சுத்தடை இருக்கிறது என்றால் மயக்க மருந்து நிபுணரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதற்காக இரவில் மூச்சுக்காற்றுக் கருவி பயன்படுத்துபவர் அதை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

ஏழாம் படி: புதிய சிறுநீரகத்தோடு முதல் வாரங்கள்

அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் செவிலியர் ஒருவர் அண்ணனிடம் ஒரு லிட்டர் தண்ணீர்க் குப்பியைக் கொடுத்து, மதியத்துக்குள் முடித்துவிடுங்கள் என்றார். அவர் குப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இது முழுதும் எனக்கா என்று கேட்டார். மூன்று ஆண்டுகள் வாயை நனைத்துத் துப்பியவருக்குக் குடிப்பதற்கே கை வரவில்லை. ஒரு மிடறு குடிப்பார், எங்கள் முகத்தைப் பார்ப்பார். இந்தத் தயக்கம் இயல்பானது, ஆனால் அதை விரைவில் கடக்க வேண்டும், ஏனென்றால் புதிய சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும்போது நீர் குறைந்தால் அதற்கே கேடு. பலருக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் வரை சொல்வார்கள். உங்கள் அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

புரதமும் உயர்கிறது. காயம் ஆறுவதற்காகவும், அதிக அளவு ஸ்டீராய்டு தசையைக் கரைப்பதாலும், முதல் சில வாரங்களுக்குக் கிலோவுக்கு 1.3 முதல் 1.5 கிராம் வரை கொடுப்பது பல மையங்களின் வழக்கம். பிறகு படிப்படியாக 0.8 கிராம் அளவுக்குத் திரும்புவார்கள். நேற்றுவரை எதிரியாக இருந்த பாஸ்பரஸ் இப்போது ரத்தத்தில் மிகவும் குறைந்துபோகலாம். ஆண்டுக்கணக்கில் பாஸ்பரஸை வெளியேற்றச் சொல்லி உயர்ந்திருந்த ஹார்மோன்கள் உடனே அடங்குவதில்லை. நன்றாக வேலை செய்யும் புதிய சிறுநீரகம் அவற்றின் ஆணைப்படி பாஸ்பரஸைக் கொட்டித் தீர்க்கிறது. பால், முட்டை, பருப்பு வகைகளை இப்போது தாராளமாக உண்ணச் சொன்னால் ஐயப்படாதீர்கள். புதிய சிறுநீரகத்தை உடல் எதிர்க்காதபடி அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை மெக்னீசியத்தையும் இறக்கிவிடும். பொட்டாசியத்தை மட்டும் அவசரப்பட்டு விடுவித்துவிட வேண்டாம். டாக்ரோலிமஸும், நோய்த்தொற்றைத் தடுக்கத் தரும் டிரைமெத்தோபிரிம் கலந்த மாத்திரையும் அதை உயர்த்தக்கூடியவை. பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டே வாழைப்பழத்தைக் கையில் எடுங்கள்.

எட்டாம் படி: இனி மருந்தே உணவை ஆள்கிறது

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரேயின் குழு முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்த சிறுநீரக மாற்று, ஒத்த இரட்டையரிடையே நடந்தது. அந்த உடல் புதிய உறுப்பை அயலாகக் கருதவே இல்லை. மற்ற எல்லோருக்கும் அந்த எதிர்ப்பை அடக்க மருந்து வேண்டியிருக்கிறது. மாற்றுக்குப் பிந்தைய உணவு விதிகளில் பெரும்பகுதி இந்த மருந்துகளால் வருபவை.

டாக்ரோலிமஸை 12 மணி நேர இடைவெளியில், ஒவ்வொரு நாளும் ஒரே முறையில், வெறும் வயிறு என்றால் எப்போதும் வெறும் வயிற்றில், எடுக்க வேண்டும். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை. கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ், கசப்பு ஆரஞ்சு ஆகியவை குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்கி, மருந்தின் அளவை நச்சு நிலைக்கு உயர்த்தக்கூடியவை. அவற்றை முழுதாக விட்டுவிடுங்கள். இதற்கு நேர்மாறாக, மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் என்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மருந்தின் அளவை வீழ்த்தி, உடல் சிறுநீரகத்தை நிராகரிக்க வழிசெய்யும். தூக்கம் வராத ஒருவர் நல்லெண்ணத்தோடு வாங்கும் ஒரு பொட்டலம் சிறுநீரகத்தையே பறிக்கலாம் என்பதால், எந்த மூலிகையையும், எந்தச் சத்துப்பொடியையும் கேட்காமல் எடுக்காதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் டாக்ரோலிமஸ் அளவு கூடும். அதையும் உடனே தெரிவிக்க வேண்டும்.

எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டிருப்பதால், சமையலறைத் தூய்மை மருந்துக்கு நிகரானது. காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, பச்சை மீன், சரியாக வேகாத இறைச்சி, பச்சையாக உண்ணும் முளைகட்டிய பயறு ஆகியவை வேண்டாம். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் உண்ணுங்கள் அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிரூட்டுங்கள். மீண்டும் உண்ணும்போது ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்குங்கள். இறைச்சி நறுக்கும் பலகையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: மாற்றுக்குப் பிந்தைய இரவுகள்

அண்ணனின் கால் குடைச்சல் அறுவை முடிந்த சில நாட்களில் காணாமல் போயிற்று. பலருக்கும் அப்படியே நடக்கிறது. உறக்க மூச்சுத்தடை அவ்வளவு எளிதாகப் போவதில்லை. சிலருக்குக் குறையும், சிலருக்கு அப்படியே நீடிக்கும், எடை கூடினால் புதிதாகவும் வரும். எனவே கருவியை ஓரங்கட்டுவதற்கு முன் மறுபடியும் உறக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

முதல் மாதத்துத் தூக்கமின்மைக்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டே காரணம். அதைக் காலை உணவோடு எடுக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மாலையில் எடுத்தால் மனம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்தது, சிறுநீர். ஆண்டுக்கணக்கில் நிறையாமல் இருந்த சிறுநீர்ப்பை சுருங்கியிருக்கும். இரவில் மூன்று நான்கு முறை எழ நேரும். இது மெல்ல மெல்லச் சரியாகும். அன்றைய நீரில் பெரும்பகுதியை மாலைக்குள் குடித்து முடித்துவிடுவது உதவும். ஆனால் இரவில் எழ வேண்டுமே என்று மொத்த அளவைக் குறைத்துவிடக் கூடாது.

அச்சமும் தூக்கத்தைக் கெடுக்கும். சிறுநீரகம் நிலைக்குமா, நாளைய கிரியாட்டினின் என்னவாக இருக்கும் என்று விழித்திருக்கும் இரவுகள் எல்லோருக்கும் உண்டு. உறவினரே சிறுநீரகம் கொடுத்திருந்தால் அந்த பாரம் இன்னும் கூடும். இதை மருத்துவக் குழுவிடம் சொல்வது பலவீனமல்ல. மாத்திரை நேரத்தையே தூக்கத்தின் தூணாக வைத்துக்கொள்வது எங்களுக்குப் பயன்பட்டது: காலை எட்டு, இரவு எட்டு என்று மாத்திரை நிலைத்தபோது, எழும் நேரமும் படுக்கும் நேரமும் தாமாகவே நிலைத்தன.

பத்தாம் படி: முதல் ஆண்டின் எடையும் சர்க்கரையும்

நாக்குக்குச் சுவை திரும்புகிறது, கட்டுப்பாடு தளர்கிறது, ஸ்டீராய்டு பசியைத் தூண்டுகிறது. முதல் ஆண்டில் எடை ஏறுவதில் வியப்பில்லை. மகிழ்ச்சியோடு உண்பவரைத் தடுக்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும் இனிப்பையும் எண்ணெய்ப் பண்டங்களையும் வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பது, தட்டின் முன் அமர்ந்தவரைத் தடுப்பதைவிட அன்பானது. டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் இதற்கு முன் சர்க்கரை இல்லாதவருக்கும் நீரிழிவைக் கொண்டுவரலாம். காலையில் எடுத்த ஸ்டீராய்டு சர்க்கரையைப் பிற்பகலிலும் மாலையிலுமே உயர்த்துவதால், காலை வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல் மதிய உணவுக்குப் பிந்தைய அளவையும் பாருங்கள். ஏற்கெனவே இன்சுலின் போடுபவருக்கு இப்போது தேவை கூடும்.

உப்பின் வரம்பு மட்டும் பழையபடியே தொடர்கிறது, ஏனெனில் உயர் ரத்த அழுத்தம் புதிய சிறுநீரகத்துக்கும் பகைதான். காய்ச்சல், சிறுநீர் குறைதல், ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறுதல், சிறுநீரகம் பொருத்திய அடிவயிற்றுப் பக்கம் வலி, மாத்திரை வாந்தியாக வெளியேறுதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் நேரம் பார்க்காமல் மாற்று மையத்தை அழையுங்கள். காய்ச்சலுக்கும் வலிக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை நீங்களாக எடுக்காதீர்கள். அழைக்கும்போது குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முதலில் கேட்பது காலை எடையையும், சிறுநீர் அளவையும், கடைசி மாத்திரை எடுத்த நேரத்தையும்தான்.